பிரசங்கத்தில் சேராத ஒன்று

மார்ச் 4
இந்தச் சுற்றில் மூன்றாவது ஊர். சபைக்குப் பின்னால் அறை: இரும்புக் கட்டில், ஒரு மேசை, தாழ்ப்பாள் விழாத கதவு. வீட்டை விட்டு இருபத்திரண்டு நாள். காலையில் கூப்பிட்டேன். "ஊருக்கெல்லாம் ஜெபம் பண்றீங்க, நம்ம தண்ணி மோட்டாருக்கும் ஒண்ணு பண்ணிடுங்க" என்றாள் மனைவி. சின்னவனுக்குப் பல் விழுந்துவிட்டதாம். பெரியவள் பேச வரவில்லை. குளிக்கிறாளாம்.

மார்ச் 5
குளிக்கிறாளாம்.

மார்ச் 6
காலையிலும் மாலையிலும் கூப்பிட்டேன். எந்நேரமும் குளிக்கிற பிள்ளையா அவள்?

மார்ச் 7
மனைவி சொல்லிவிட்டாள். போன மாதக் கூட்டத்தின் வீடியோவைப் பள்ளியில் ஒருத்தி பெரியவளிடம் காட்டியிருக்கிறாள். நான் ஊருக்குக் கிளம்பும் நாட்களில் மட்டும் பெரியவள் படுக்கையை நனைத்துவிடுவாள், பதினொரு வயதிலும். அதை என்னிடம் மட்டும்தான், காதோடு சொன்னாள். தகப்பனுக்காக ஏங்கும் மனதுக்கு அதை உதாரணமாகச் சொல்லியிருக்கிறேன். கூட்டம் சிரித்தது. நானும்.

"அவ உங்ககிட்ட சொன்னதுங்க. மைக்குக்குச் சொல்லல."

மார்ச் 8
பிரசங்க நோட்டைப் புரட்டினேன். ஒன்பது ஊரில் சொல்லியிருக்கிறேன். ஓரத்தில் 'நன்றாக எடுபடும்' என்று என் கையெழுத்து.
வீட்ல இருக்கறதே மாசத்துல ஆறு நாள். அதுல கெடச்சதையும் மூட்டை கட்டி மேடைக்குக் கொண்டுபோயிருக்கேன் — என்ன மனுஷன் நான்?

மார்ச் 11
இன்றைய பிரசங்கத்தில் அந்தக் கதை வரவேண்டிய இடத்தில் நின்று, தண்ணீர் குடித்து, அடுத்த வசனத்துக்குப் போனேன். வெளியே வந்ததும் இந்தச் சபையின் போதகர் கேட்டார்: "ஐயா, பொண்ணு கதை சொல்வீங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருந்தேனே?"
"அது அவளோட கதைங்க."

மார்ச் 19
வீடு. பெரியவள் கதவைத் திறந்து பையை வாங்கிக்கொண்டாள். "வாங்கப்பா." அவ்வளவுதான். சாப்பிடும்போது அவளுக்குப் புரையேறியது. தலையில் தட்டப் போனேன். "இதையும் சொல்லுவீங்களா?" என்றாள். தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தினேன்.
சின்னவன் பெருந்தன்மையாக, "என் பல்லு விழுந்தத நீங்க சொல்லிக்கலாம்ப்பா" என்றான்.

மார்ச் 22
பெரியவளிடம் மன்னிப்புக் கேட்டேன். தலையாட்டினாள்.

மார்ச் 24
மாலை ஐந்து மணி வண்டிக்குச் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தேன். பெரியவள் வந்து கதவைச் சாத்தினாள்.
"யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கல்ல?"
"மாட்டேன்மா."
கட்டிலில் உட்கார்ந்தாள். நிறையப் பேசினாள், நடுவில் கொஞ்சம் அழுதாள். எழுந்து போகும்போது மணி ஐந்தரை.
நாளைக்குத்தான் வர முடியும் என்று கூட்டக்காரர்களுக்குச் சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார்கள். வீட்டில் வேலை என்றேன்.
அவள் சொன்னதை இங்கேயும் எழுதவில்லை.