ஆறிக்கொண்டு வரும் காது

என் மகள் நாசியெகுவுக்கு உன் அம்மா எழுதுவது. இங்கே ஆட்கள் நலம், ஆடுகள் நலம், வறட்சிக்கு மிஞ்சிய மாடுகள் எழுந்து நடக்கின்றன, நேற்று மாலை மேற்கே கொஞ்சம் மேகம்கூடத் தெரிந்தது. உன் உடம்பும் நீ வேலை செய்யும் வீட்டுக்காரியின் கோபமும் எப்படி இருக்கின்றனவோ, கடவுள் இரண்டையும் பார்த்துக்கொள்ளட்டும். லெகுத்தோன் வீட்டு நமயானா விடுப்பு முடிந்து சனிக்கிழமை தோஹாவுக்குத் திரும்புகிறாள், அவளிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். இங்கே போன் உன் மகன் சாருனியிடம் ஒன்று, உன் சித்தப்பன் பர்சலோயிடம் ஒன்று, நான் சொல்லப்போவது அந்த இரண்டு பேர் காதிலும் விழக்கூடாது. அதனால்தான் இந்தக் கோணல் எழுத்து, பொறுத்துக்கொண்டு படி.

சாருனி காது தைத்துக்கொண்டது உனக்குத் தெரியும், பணம் அனுப்பியவள் நீதானே. மரலால் டவுனில் பெண்கள் கேலி செய்கிறார்கள், நம் குல வழக்கப்படி துளைத்துத் தொங்கவிட்ட காதோடு விடுதி வேலைக்குப் போனால் வெள்ளைக்காரர்கள் போட்டோ எடுக்கத்தான் கூப்பிடுகிறார்கள், கொஞ்சம் அழகாக இருக்கட்டும் என்று உன்னிடம் சொன்னான். என்னிடமும் அதையேதான் சொன்னான். அது அழகுக்கு இல்லை, நாசியெகு. பட்டாளத்துக்கு ஆள் எடுக்க மாதக் கடைசியில் டவுன் மைதானத்துக்கு வருகிறார்கள். நீளக் காதுக்காரனை அங்கே வரிசையிலிருந்தே வெளியே தள்ளிவிடுவார்கள், அது உனக்கும் தெரியும். இத்தனை நாள் உன் பிள்ளையை வீட்டில் நிறுத்தி வைத்திருந்தது அந்தத் துளைதான். இப்போது அதை அடைத்துவிட்டான். எனக்குச் சோறு இறங்கவில்லை.

எனக்கு எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். தைக்கிற அன்று நானும் துணைக்குப் போனேன். ஆஸ்பத்திரி வராந்தா முழுக்க நம் பையன்கள், இரண்டு காதிலும் வெள்ளைக்கட்டு, கோழி முட்டையை ஒட்டி வைத்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். சாருனிக்கு மரத்துப்போக ஊசி போட்டு, தொங்கிய சதையில் வேண்டாததை வெட்டி எடுத்து, மிச்சத்தின் இரண்டு ஓரங்களையும் சீவிப் புண்ணாக்கிச் சேர்த்துத் தைத்தார்கள், புண்ணும் புண்ணும் சேர்ந்தால்தான் ஒட்டுமாம். அந்த டாக்டர் பெண் சிரித்த முகம், என் காதைப் பார்த்து ‘பாட்டி, உங்களுக்கும் சேர்த்துத் தச்சு விடட்டுமா’ என்றாள். நானும் சும்மா இராமல் ‘தச்சுட்டா எனக்கு யாரும்மா மாப்பிள்ளை பாக்கறது’ என்றேன். வராந்தாவே சிரித்தது. அப்போது ஒரு முட்டைக்காதன் சொன்னான், ‘மாப்பிள்ளை இல்ல பாட்டி, மேஜர்தான் பாப்பாரு, மைதானத்துல சட்டையைக் கழட்டி நிக்க வச்சு’ என்று. மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள். சாருனி மட்டும் தரையைப் பார்த்தான். அவனைப் பெற்றவளையே பெற்றவள் நான், அந்தப் பார்வை போதாதா எனக்கு.

வீட்டுக்கு வந்து கேட்டேன், ஒப்புக்கொண்டான். கிளப்பி விட்டது யார் என்று நீ கேட்கவே வேண்டாம். உன் அண்ணனைக் கூட்டிப்போய் வரிசையில் நிறுத்தியவனும் இதே பர்சலோய்தான். செத்துப்போனவன் பெயரைச் சொல்வது நம் வழக்கமில்லை, நான் எழுதமாட்டேன், உனக்குத் தெரியும். அவனுக்கும் இப்படித்தான் காது தைத்தது, டாக்டர்கூட இல்லை, மருந்துக்கடைக் கம்பவுண்டர் தைத்தான், அப்படியும் நன்றாக ஆறிவிட்டது. எல்லையைத் தாண்டிப் போனவன் ஆணியடித்த பெட்டியில் வந்தான், திறக்கக் கூடாது என்றார்கள், நான் விடவில்லை. திறந்தார்கள். முகத்தைப் பற்றி உனக்கு எழுதமாட்டேன். இடது காதின் அடியில் கம்பவுண்டர் தையல் மெல்லிய கோடாக இருந்தது, அதைத் தொட்டுத்தான் இவன் என் பிள்ளை என்று சொன்னேன். அன்றைக்கு உன் சித்தப்பன் ‘அழாதீங்க அண்ணி, வீரனாப் போயிருக்கான்’ என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் ‘கொஞ்சம் டீ கிடைக்குமா’ என்றான். நான்தான் போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை போதவில்லை என்று இரண்டாம் தரம் வாங்கிப் போட்டுக்கொண்டான். சாகிற வரைக்கும் அதை மறக்கமாட்டேன். இப்போதும் வந்து உட்கார்ந்துகொண்டு ‘காதுல ஓட்டையோட ஆட்டுக்குப் பின்னாடியே அலைஞ்சு சாகட்டுங்கறீங்களா’ என்கிறான். ‘ஆட்டுக்குப் பின்னால போறவன் பொழுது சாஞ்சா வீட்டுக்கு வர்றான்டா’ என்றேன். அப்படியும் அவன் வருவதை நிறுத்தவில்லை.

இனி நான் சொல்வதை யாரிடமும் சொல்லாதே. அந்தத் தையலைக் காலையும் மாலையும் கழுவுவது நான்தான். தண்ணீரைக் கொதிக்க வைத்து, உப்புப் போட்டு, ஆறவிட்டு, பஞ்சால் ஒற்றி எடுக்க வேண்டும், டாக்டர் பெண் என்னிடம்தான் சொல்லி அனுப்பினாள். அவன் என் முட்டியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்கிறான், சின்னப் பிள்ளை மாதிரி. நான் பஞ்சை வைத்துக்கொண்டு, கொஞ்சம் சீழ் தெரிகிறதா, ஒரு நூலாவது விட்டிருக்கிறதா என்று தேடுகிறேன். எந்தப் பாட்டி பேரனின் புண்ணில் சீழ் இருக்கட்டும் என்று தேடுவாள்? கொதிக்காத தண்ணீரை எடுத்தால் போதும், ஒரு விரலை அழுத்தினால் போதும். நான் செய்யமாட்டேன். ஆனாலும் என் கையைப் பார்த்து எனக்கே பயமாக இருக்கிறது. போன வாரம் தண்ணீர்க் குழியில் அவன் கூட்டாளி ஒருவன், பழக்கத்தில் காதுத் துளையில் விரலை மாட்டி இழுக்க வந்து, துளை இல்லாமல் தையலைச் சுண்டிவிட்டான். ரத்தம் தோள்வரை ஒழுக ஓடி வந்தான். எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது, அவன் வலியில் முகம் சுளிக்கும்போது நான் மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். நர்ஸ் பார்த்துவிட்டு மேல்தோல்தான் என்று சொல்லிவிட்டாள். அவனுக்கே இன்னும் பழகவில்லை, முள்ளுக்குள் நுழையும்போது தொங்கும் சதையைத் தூக்கிக் காது மடலின் மேலே மாட்டக் கை போகிறது, அங்கே ஒன்றும் இல்லாமல் கை அந்தரத்தில் நிற்கிறது.

அவன் கெட்ட பிள்ளை இல்லை. ஏன்டா போகிறாய் என்று கேட்டதற்கு, ‘அம்மா அடுத்தவங்க தரையைத் தொடச்சது போதும் பாட்டி, போன்ல அவங்க குரலைக் கேட்டியா, சம்பளம் வந்ததும் கூட்டிட்டு வந்துடுவேன்’ என்றான். உனக்காகத்தான் போகிறான். அதனால் நான் வேண்டாம் என்றால் கேட்கமாட்டான், நீ சொன்னால்தான் உண்டு. இன்னொன்றும் கேட்டிருக்கிறான், பெற்றவள் ஊரில் இல்லாததால் நான்தான் பால் தெளித்து வாழ்த்தி அனுப்ப வேண்டுமாம். காது கேளாதவள் மாதிரி எழுந்து போய்விட்டேன். தெளித்தால் போ என்று நானே சொன்னதாகும். தெளிக்காவிட்டால் வாழ்த்தில்லாமல் போவான், அதை நினைத்தால் அதைவிடப் பயம். உன் அண்ணனுக்குப் பால் குடுக்கை காலியாகும்வரை தெளித்தேன், அதையும் நினைக்கிறேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்கு வழி இல்லை, வழி உன் வாயில்தான் இருக்கிறது.

இவ்வளவும் நேற்று எழுதி வைத்தது. இன்று தையல் பிரிக்கக் கூட்டிப்போயிருந்தேன். நர்ஸ் இரண்டு காதையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், பக்கத்தில் இருந்தவளையும் கூப்பிட்டுக் காட்டினாள், ‘இவ்வளவு சுத்தமா ஆறின காது இந்தத் தடவை வேற யாருக்கும் இல்ல, வீட்டுல யாரு கழுவினது’ என்று கேட்டாள். சாருனி என்னைக் கை காட்டிச் சிரித்தான். நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது.

நீ நல்ல தண்ணீர் உள்ள இடத்தில் இரு, உன் கால் முள்ளில் படாமல் இருக்கட்டும், உன் வயிற்றில் பிறந்தவன் உன் கண் முன்னால் நரைக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு, மெலிந்துவிட்டாய் என்று நமயானா சொன்னாள். கடிதம் கைக்கு வந்ததும் கூப்பிடு, சித்தப்பன் போனுக்கு வேண்டாம், சாருனிக்கே கூப்பிடு. நான் சொல்லி அனுப்பினேன் என்று சொல்லாதே. நலம்கூட விசாரிக்க வேண்டாம், முதல் வார்த்தையாகப் போகாதே என்று சொல்லு.

உன் அம்மா,
சாருனியின் பாட்டி