முடியாது மேடம் சொன்ன சரி

அன்புள்ள உங்களுக்கு,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாத்திரையைச் சாப்பிட்ட பிறகுதானே போடுகிறீர்கள்? நான் நலம்.

எங்கள் வங்கியைப் பெரிய வங்கி ஒன்று வாங்கிவிட்டது. ஒற்றை அறையில் தொடங்கி வட்டாரம் முழுக்கக் கிளை பரப்பிய எங்கள் வங்கி, கேட்டவர்க்கெல்லாம் கடன் கொடுத்தே படுத்துவிட்டது. வேலை நிற்குமா போகுமா என்று தெரியாததால் இதுவரை எழுதவில்லை.

கடன் மனுக்களைப் பரிசீலிக்கும் எனக்கு இங்கே 'முடியாது மேடம்' என்று பட்டப்பெயர். நேற்று பெரிய வங்கியிலிருந்து வந்த புதிய அதிகாரி கூப்பிட்டார். "மேடம், இன்னிக்காவது கொஞ்சம் சிரிச்சுப் பேசுங்க" என்று காசாளர் கெஞ்சினார். நான் சிரிக்கவில்லை.

"நீங்க வேண்டாம்னு எழுதின ஆளுங்களுக்கெல்லாம் மேலிடம் கடன் கொடுத்திருக்கு. ஒருத்தரும் கட்டலை. நீங்க எங்களுக்கு வேணும். உங்க ஊர்லயும் எங்க கிளை இருக்கு, நீங்க..." என்றார் அதிகாரி.

அவர் முடிப்பதற்குள் "சரி" என்றேன். எதையும் இரண்டு முறை படிக்காமல் கையெழுத்துப் போடாதவள்!

"மேடம் வாயில 'சரி'யா?" என்று காசாளர் போட்ட சத்தத்தில் வரிசையில் நின்றவர்கள்கூடச் சிரித்தார்கள். நானும்தான்.

மாற்றல் உத்தரவு கைக்கு வரும்வரை உங்கள் தங்கையிடம் மூச்சு விடாதீர்கள். அலமாரியில் என் தட்டில் அடைத்திருக்கும் பழைய பேப்பர்களை எடுத்துவிடுங்கள். என் தலையணையை வெயிலில் போடுங்கள்.

தபால் எடுப்பவர் வந்து நிற்கிறார். இன்னொன்று, வாசல் பூட்டை மாற்றினீர்களே, எனக்கும் ஒரு சாவி செய்து வையுங்கள். இந்தத் தடவை மணி அடித்துவிட்டு விருந்தாளி மாதிரி நிற்க மாட்டேன்.

இப்படிக்கு,
நான்