வழியனுப்பச் சொன்னார்

அன்பு மகளே,

சித்தப்பா சௌக்கியம். என் பேரைக் கேட்டால் இந்த ஊரில் தெருநாய்கூடக் குரைக்காது, வணக்கம்தான் வைக்கும். ஒரே தோட்டாவில் மூன்று பேரைச் சாய்த்தவன் நான். சரி, இரண்டு பேர். மூன்றாமவன் சத்தத்திலேயே போய்விட்டான்.

நேற்று முதலாளி ஒரு போட்டோவை நீட்டினார். "என் மகனுக்கு எதிரா கோர்ட்டுல சாட்சி சொல்லப் போறாளாம் இந்த நர்ஸ். வழியனுப்பி வை." எங்கள் தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம்தான். போட்டோவில் நீ.

"என்னடா, தெரிஞ்ச பொண்ணா?"

"இல்லீங்க. மூக்கு அம்சமா இருக்கேன்னு பார்த்தேன்." நம்ம குடும்ப மூக்காச்சே!

நான் நாலாங்கிளாஸ். சொன்னதைச் சொன்னபடி செய்யத்தான் தெரியும். வழியனுப்பச் சொன்னார், வழியனுப்புகிறேன். உறைக்குள் ரயில் டிக்கெட் இருக்கிறது, இன்றைக்கே ஏறிவிடு. கோர்ட் தேதிக்குப் போலீஸோடு வந்து, பார்த்ததைச் சத்தமாகச் சொல்லு.

முதலாளி கேட்டால், "வழியனுப்புறதுன்னா ரயில் ஏத்திவிடறதுதானுங்களே?" என்று திருதிருவென்று முழிப்பேன். நடிப்பில் நான் சூரன்.

அவர் நம்பமாட்டார். என்னைத் தேடி இரண்டு ஆள் அனுப்புவார். அந்த இரண்டு பயல்களும் நான் பழக்கியவர்கள்தான், குறி ரொம்பச் சுமார். கதவை மட்டும் திறந்தே வைத்துவிடுவேன். நல்ல தேக்கு, அநியாயமாக உடைத்துவிடுவான்கள்.

உன் சித்தப்பா