ஒயினில் வந்த கவுச்சி

என் அன்பு அம்மாவுக்கு, உன் மூத்தவள் எழுதுவது.

நேற்று நான் ஒயின் குடித்தேன். நம் சபைத் திருவிருந்தில் பாதிரி ஐயர் தரும் திராட்சரசம் இல்லை, பிரான்ஸ் நாட்டுச் சிவப்பு ஒயின். நீ இருந்திருந்தால் ஒரு வாரம் என் முகத்தைப் பார்த்திருக்கமாட்டாய்.

எனக்குத் துறைமுகச் சாலையில் ஓர் இறால் ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது அம்மா. நீ பனிக்கட்டித் தண்ணீரில் நின்று இறால் உரித்தாய். நான் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, வந்த இறாலை மோந்து பார்த்து, தேறும் தேறாது என்று எழுதுகிறேன். நம் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவளுக்குச் சம்பளம் வாங்கித் தருவது மூக்குதான்.

எங்களிடம் இறால் வாங்கும் பிரெஞ்சு அம்மா ஒருவர் வந்திருந்தார். வேலை முடிந்த மத்தியானம், தன் ஊர் ஒயின் என்று ஒரு பாட்டிலைத் திறந்தார். மூன்று திராட்சை ரகங்களின் ரசத்தைக் கலந்து செய்ததாம். கேன்டீனிலிருந்து ஜூஸ் கிளாஸ்கள் வந்தன. முதல் கிளாஸை என்னிடம் நீட்டினார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கோயிலில் திருவிருந்துக்குப் போடுவதுபோல் துப்பட்டாவை இழுத்து முக்காடு போட்டேன். இரண்டு கையாலும் வாங்கி, கண்ணை மூடி ஒரு வாய் குடித்து, கிளாஸை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். அவர் ஒன்றும் புரியாமல் நின்றார்.

"ஏளா, ஐயரு எங்க? ஆமென் சொல்லியாச்சா?" என்றார் கணக்குப் பிள்ளை அண்ணாச்சி. மேனேஜர் வரைக்கும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

அந்த அம்மா சிரிக்கவில்லை. கிளாஸை மறுபடி என் கையில் வைத்து, நிதானமாகச் சொல்லிக் கொடுத்தார். வெள்ளைத் தாளுக்கு மேலே சாய்த்து நிறம் பார்க்க வேண்டும். ஒரு சுழற்றுச் சுழற்றி மோந்து பார்க்க வேண்டும். உடனே விழுங்காமல் நாக்கில் நிறுத்த வேண்டும். ஓரத்தில் கத்தரிப்பூ நிறம், நடுவில் கறுப்பு. வாயில் நாவல்பழத் துவர்ப்பு, பின்னாலேயே மிளகுக் காரம். விழுங்கிய பிறகும் அந்தத் துவர்ப்பு ஈறில் ஒட்டிக்கொண்டிருந்தது.

என்ன வாசனை வருகிறது என்று எல்லாரையும் கேட்டார். மேனேஜர் பழம் என்றார். அண்ணாச்சி யோசித்து, பூ என்றார். என் முறை வந்தபோது வாயில் தமிழ்தான் வந்தது. கவுச்சி என்றேன்.

"வெள்ளக்காரம்மா அவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்திருக்கா, கவுச்சின்னு சொல்லுதியே பிள்ள" என்று அண்ணாச்சி தலையில் கை வைத்தார்.

பச்சை மாமிசத்தின் வாடை என்று இங்கிலீஷில் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அந்த அம்மா முகம் மலர்ந்துவிட்டது. மூன்றாவது ரகத்தின் குணம் அதுதானாம். திறந்ததும் அப்படித்தான் அடிக்குமாம், சற்று நேரம் காற்றுப் பட்டால் போய்விடுமாம். அது குறையில்லை, அந்த ரகம் சேராவிட்டால் இந்த ஒயினுக்கு உடம்பே இல்லை என்றார். எல்லாரும் எனக்குக் கை தட்டினார்கள். என்னால் நிமிர முடியவில்லை.

கல்லூரி இரண்டாம் வருடம் ஒரு திருவிருந்து ஞாயிறு, உனக்கு நினைவிருக்கிறதா? எலுமிச்சைத் தோலால் தேய்த்தும் உன் விரலில் இறால் வாடை போகவில்லை. பலிபீடத்துக்கு முன் உன் பக்கத்தில் நான் முழங்கால்படியிட்டேன். என் மறுபக்கம் கூடப் படித்தவள் வந்து நின்றாள். நான் உன்னை விட்டு நகர்ந்தேன். நமக்கு நடுவில் இன்னொருவர் முழங்கால்படியிடும் அளவுக்கு நகர்ந்தேன்.

அடுத்த மாதம் நீ பெஞ்சை விட்டு எழவில்லை. "ஏளா, முட்டி மடங்க மாட்டேங்கு, நீ போயிட்டு வா" என்றாய். அதற்கடுத்த மாதமும் அதையே சொன்னாய். வீட்டில் குனிந்து மீன் கழுவ உன் முட்டி நன்றாக மடங்கியது. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஏன் கேட்கவில்லை?

அன்று நான் நகர்ந்ததை நீ பார்க்கவில்லை என்றே வெகுநாள் நம்பினேன். நீ படுக்கையில் கிடந்தபோது ஐயர் திருவிருந்துக் கிண்ணத்தை நம் வீட்டுக்கே கொண்டுவந்தார். உன் தலையைத் தாங்கிப் பிடிக்க நான் கிட்டே வந்தேன். "ஏளா, தள்ளியே நில்லு. மருந்து வாட அடிக்கும் ஒனக்கு" என்றாய். கோபமில்லாமல்தான் சொன்னாய். எனக்கு ஒரு சௌகரியம் செய்து தருவதுபோலச் சொன்னாய். அன்றைக்கே நான் அழுதிருக்க வேண்டாமா?

அரை மணி கழித்து அந்த ஒயினை மறுபடி மோந்து பார்த்தேன். நாவல்பழம் இருந்தது, மிளகு இருந்தது. கவுச்சி போய்விட்டது. எவ்வளவு சுழற்றியும் திரும்ப வரவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தேன். நீ வேலைக்குக் கட்டிய நீலச் சேலையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டேன். சோப்பு வாசனைதான் வந்தது. உன்னை அடக்கம் செய்த மறுநாள் அதை மூன்று தரம் அலசிக் காயப்போட்டது நான்தான் அம்மா.

எங்கள் கம்பெனியில் இறால் உரிக்கிற ஜெபமணி அக்கா நம் சபைக் கோயிலுக்குத்தான் வருகிறாள். கடைசி பெஞ்சில் இருப்பாள், கிண்ணத்துக்கு எழுந்து வருவதில்லை. வருகிற ஞாயிறு திருவிருந்து. நான் போய் அவள் கையைப் பிடித்துக் கூப்பிடுவேன். வந்தால் அவள் தோளோடு என் தோள் படும்படி முழங்கால்படியிடுவேன். வராவிட்டால் அந்தப் பெஞ்சிலேயே அவளை ஒட்டி உட்கார்ந்துகொள்வேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் வயிற்றில் பிறந்த
எஸ்தர்