அப்பாவின் முன்பல்

அன்புள்ள அம்மாவுக்கு,

பெர்லின்ல நான் சௌக்கியம். உனக்கு முட்டுவலி தேவலையா?

தடுப்பூசிக்காக, கிருமியைப் போர்த்தியிருக்கிற சர்க்கரைச் சங்கிலியை லேப்ல ஒவ்வொரு கண்ணியா கோத்துட்டு வந்தேன்லா? ஒரு கண்ணி திரும்பி ஒட்டிட்டு. எடை சரியாத்தான் காட்டுச்சு. ஆனா உடம்பு அதைக் கிருமின்னு நம்பாது. கவலைப்படாத, மறுபடி செய்யுதேன்.

அதுலேருந்து எதைப் பாத்தாலும் சந்தேகம். இந்தக் குத்தால சீசன்ல எடுத்ததுன்னு நீ அனுப்புன போட்டோல அப்பா ஐந்தருவியில குளிச்சிட்டு சிரிக்காவ. பொங்கலுக்கு நான் வந்திருந்தப்ப பிடுங்குன முன்பல் எப்படிம்மா திரும்ப முளைச்சுது? போன்ல அப்பாகிட்ட குடுன்னு கேட்டா, எப்பவும் பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போயிருக்காவன்னு சொல்லுத.

என்கூட வேலை பாக்குத பெஞ்சமின் லீவுக்குத் தென்காசி வாரான். இட்லிப்பொடி குடுத்து விடு. ட்ரெயின் வந்துட்டு, முடிக்கேன். பொட்டலத்து மேல என் பேரை அப்பா கையால எழுதச் சொல்லு.

குழலி