நாலு பஃபர் புட்டி

மே 30, சனி
குடிபாலா பக்கத்து மாம்பழக் கூழ் கம்பெனிக்கு இவரோடு போனேன். சீசனுக்கு முன்னால் அங்கே புளிப்பை அளக்கும் பிஎச் மீட்டரைச் சரிபார்ப்பது வருஷா வருஷம் எங்கள் வேலை. பிஎச் இத்தனை என்று முன்பே தெரிந்த பஃபர் கரைசல் புட்டிகள் என் பையில். எலக்ட்ரோடை ஏழு பஃபரில் முக்கி இது ஏழு, நாலு பஃபரில் முக்கி இது நாலு என்று மீட்டருக்குச் சொல்லிக்கொடுத்தார். ஸ்லோப் 87; நூறை ஒட்டி இருக்க வேண்டியது.
“எலக்ட்ரோடு கெழடு தட்டிப்போச்சு லதா. இந்த சீசன் தாங்கும்.”
எழுதிக்கொண்டேன்.

ஜூன் 15, திங்கள்
கூழ் டப்பாக்கள் உப்பிவிட்டனவாம். புளிப்பு போதவில்லை. மீட்டர் போதும் என்று காட்டியதை நம்பி சிட்ரிக் ஆசிட் சேர்க்காமல் மூடியிருக்கிறார்கள். மேனேஜர் சுரேஷ்பாபு போனில் கத்தியது சமையலறை வரை கேட்டது. “இருபது வருஷமா இன்னாத்தக் கிழிச்ச வரதராஜா?” இத்தனை நாள் சார் என்றவர்.
இவர் சாப்பிட வரவில்லை.

ஜூன் 16
தன் கையையே பார்த்துக்கினு உட்கார்ந்திருக்கிறார்.

ஜூன் 17, புதன்
சுரேஷ்பாபு வீட்டுக்கே வந்தார். எலக்ட்ரோடை மேஜைமேல் போட்டார். இவர், “நான் செஞ்சதுல தப்பு இல்ல சார்” என்றார்.
“அப்டியா? வெள்ளிக்கிழமை காணிப்பாக்கம் வா. குளத்துல முழுகிட்டு, எங்க ரெண்டு பேர் மேலயும் தப்பு இல்லன்னு பிள்ளையார் முன்னால சத்தியம் பண்ணு. நான் ஓனர்கிட்ட பேசிக்கிறேன்.”
அந்தப் பிள்ளையார் முன்னால் பொய் சொல்லி யார் நன்றாக இருந்தார்கள்? இவர் முகம் தெளிந்தது. மூன்றாம் நாள் ரெண்டு வாய் சோறு உள்ளே போனது.

ஜூன் 18, வியாழன்
இவர் கடைத்தெருவுக்குப் போனபோது அந்த எலக்ட்ரோடை நானே எடுத்துப் பார்த்தேன். நான் எட்டாவதுதான். ஆனாலும் இந்த வேலையைக் கையேட்டை எழுத்துக்கூட்டிப் படித்துக் கற்றவள். பல்பில் கீறல் இல்லை. உள்ளே உப்புக் கரைசல் நிறைய இருக்கிறது. எங்கள் மீட்டரில் மாட்டி, புதுப் பஃபர் பொடிப் பொட்டலங்களைக் கரைத்து முக்கினேன். ஸ்லோப் 98. கழுவி மறுபடி முக்கினேன். 98.
கெழடு இல்லை. அப்போ?
மே மாசம் கொண்டுபோன பழைய நாலு பஃபர் புட்டியில் முக்கினேன். நாலு காட்டவில்லை, 4.35. இதை நாலு என்று கற்றுக்கொண்ட மீட்டர் கூழை நிஜத்தைவிடப் புளிப்பாகத்தான் காட்டும்.
வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். அடியில் நூல் நூலாகப் பூஞ்சை. மூணு மாசம் கெடாத கரைசல் எப்படி—
என் நோட்டைப் புரட்டினேன். மார்ச் 3, சந்திர கிரகணம். தர்ப்பை போட்டது: தண்ணீர்க் குடம், ஊறுகாய் ஜாடி, மோர், மாவு, நாலு பஃபர் புட்டி.
என் கையெழுத்து.
அதுவும் தண்ணிதானே, தோஷம் ஒட்டக்கூடாதேன்னு ஒரு புல்லைக் கிள்ளிப் போட்டேன். மறுநாள் எடுத்துட்டா சரியாப்போச்சுன்னு நெனச்சேன். அடிப் பாவி.
இவர் சத்தியம் பண்ணட்டுமா? இவருக்குத் தெரியாதே, பொய்யாகாதே. ஆனா எனக்குத் தெரியும். பிள்ளையாருக்கும் தெரியும்.

ஜூன் 19, வெள்ளி
இவர் மூணு முழுக்குப் போட்டு ஈரத்தோடு படியேறினார். அங்கேயே சொல்லிட்டேன். எல்லாத்தையும்.
“தர்ப்பையா? பஃபர்லயா?” என்றார். தலையில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. துடைக்கவில்லை.
மேலே காத்திருந்த சுரேஷ்பாபுவிடம் போனார். “சத்தியம் வேணாம் சார். என் புட்டிதான் கெட்டுப்போச்சு.”
என் புட்டி என்றுதான் சொன்னார்.
“சாலு சாலு, போதும்! கம்பெனிப் பக்கம் இனிமே வராத.”
சித்தூர் திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தை எனக்கு விட்டார்.

ஜூன் 24
“திட்டிடுங்களேன்” என்றேன்.
“திட்றதுக்கு இன்னா இருக்குது?” என்றார்.

ஜூலை 6, திங்கள்
திருப்பதியில் ஒரு காலேஜ் லேபில் இருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். ஒன்பது மீட்டர். நேற்று இவரே பொட்டலங்களை வெட்டி, இவரே தண்ணீர் அளந்து, லேபிளில் தேதி போட்டார். நான் கதவோரம் நின்று பார்த்தேன்.
இன்று காலை புடவை மாற்றிக்கொண்டு பையை எடுத்தேன். கையில் இருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார்.
“வெயிலா இருக்குது லதா. நீ வீட்லயே இரு.”
விடிந்ததில் இருந்தே தூறிக்கினு இருந்தது.