கத்தரி பட்ட கூடாரம்

மார்ச் 4
அன்புள்ள அக்காவுக்கு,
இங்கே எல்லாரும் சுகம். உன் மூட்டு வலி தேவலையா? ஏரிக்கரையில் சுற்றுலாக் கூட்டம் குறைந்துவிட்டது. வாடகைக்கு விட்ட மஞ்சள் கூடாரம் மறுபடி கிழிந்து வந்திருக்கிறது. கல்லு குத்தியிருக்கும் போல. நீ வேலை பார்க்கிற தையல் பட்டறைக்கு அனுப்பியிருக்கேன். உன் கையாலேயே தைத்துக் கொடு.
உன் தங்கச்சி

மார்ச் 15
தங்கச்சிக்கு,
மூட்டு இருக்கிற இடத்தில்தான் இருக்கு, வலியும் அங்கேதான். கூடாரத்துக்கு ஒட்டுப் போட்டாச்சு. தையல் மேலே பசை தடவி, தண்ணி ஊற்றிப் பார்த்தேன், ஒழுகலை. புதுசு வாங்காமல் பழசையே தைத்து ஓட்டுறியாம், எங்க பட்டறை முதலாளியம்மா உன்னைப் புகழ்றா. அவளுக்கென்ன தெரியும்? உன் அத்தான் செத்த அன்னிக்கு, விடுமுறைக் கூட்டம், கூடாரம் அடிக்க ஆளில்லை, வர முடியாதுன்னு சொல்லியனுப்பினவ நீ. செத்தவர் விடுமுறை முடியிறவரைக்கும் காத்திருப்பாரா?
அக்கா

ஜூன் 20
அன்புள்ள அக்கா,
உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படிச்சேன். மஞ்சள் கூடாரம் திரும்பவும் கிழிஞ்சு போயிடுச்சு. இந்தத் தடவை காற்று. தைத்து அனுப்பும்போது ரெண்டு வரி எழுது. திட்டியாவது எழுது.
தங்கச்சி

ஜூலை 2
என் தங்கச்சிக்கு,
காற்று கிழிச்சா தையலோரம் விடும். கல்லு குத்தினா நூல் பிசிறும். இது நடுத்துணியில், கோடு போட்ட மாதிரி. போன தடவையும் அப்படித்தான். கத்தரிக்கோலால் நீயே வெட்டி, காற்று மேலே பழி போடுறே. சும்மா எழுதினா அக்கா பதில் போடமாட்டாள்னு கணக்குப் போட்டிருக்கே. சரியான கணக்குத்தான்.

அந்தத் துணி இனி ஒட்டுத் தாங்காது. தாங்காததைப் பிரித்துப் போடுறதுதான் எங்க பட்டறை வழக்கம். கம்பி வேறொரு கூடாரத்துக்குப் போச்சு. ஜிப்பு என் பேத்தியோட முதுகுப்பைக்கு. மிச்சத்தில் கடைக்குப் போகிற பை ஒண்ணு தைத்தேன். அனுப்ப மாட்டேன். என் வீட்டு ஆணியில் தொங்குது.

நான் ஒண்ணும் மறக்கலை. மறக்கவும் போறதில்லை. ஆனா கோபத்தைச் சுமந்து சுமந்து தோள் விட்டுப்போச்சு. திட்டு வேணும்னா நேரில் வந்து வாங்கிக்கோ, பையும் அப்படித்தான். நல்ல துணியை இனி வெட்டாதே.

பஸ் ஏறு. விடுமுறைக் கூட்டம்னு மட்டும் எழுதிடாதே.
அக்கா